நான் இறக்காத ஆறாவது வளையம்

கல்முனைக்குடியில் கிணற்றுக்குச் சீமெந்து வளையம் வார்த்த முதல் ஆள் நான். தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும். எனக்கு முன்னால் எங்கள் பக்கத்து மணலில் கிணறு தோண்டினால் பலகை வைத்து அடைப்பார்கள். மாரி வந்தால் பலகையோடு சேர்ந்து இடிந்து விழும். நான் இரண்டு தார்ப் பீப்பாய்களை வெட்டி, தட்டி நிமிர்த்தி, அச்சுச் செய்து வளையம் வார்த்தேன். "ஆதம்பாவாவுக்கு விசர், மண்ணுக்குள்ள குழாய் புதைக்கிறான்" என்று சந்தையில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் இன்று என் வளையத்துக்குள் ஊறும் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். மீதிப் பேர் மௌத்தாகிவிட்டார்கள். அவர்களைக் கடைசியாகக் குளிப்பாட்டிய தண்ணீரும் என் வளையத்துக்குள் ஊறியதுதான்.

வாப்பா மௌத்தாகும்போது எனக்கு ஒன்பது வயது. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் கட்டியவற்றைச் சொல்கிறேன். மூன்று வீடு கட்டினேன். எங்கள் ஊர் வழக்கப்படி மூன்றும் மூன்று பெண் மக்களுக்குச் சீதனமாகப் போயின. பள்ளிவாசலில் தொழுமுன் நீங்கள் கைகால் கழுவி வுழூச் செய்யும் தண்ணீர்த் தொட்டி, அதுவும் நான் கட்டியது. அந்தப் பெரிய சூறாவளி என் கூரையைக் கொண்டுபோனது, அச்சுகளையும் கொண்டுபோனது. இரண்டு கட்டை தூரத்தில் வயலுக்குள்ளே கிடந்த அச்சுகளைத் தேடிப் பிடித்து, கோணலை அடித்து நிமிர்த்தி, பதினோராம் நாள் வளையம் வார்த்தேன். அந்த வருடம் கடல் ஏறிக் கெடுத்த கிணறுகளுக்குப் பதிலாக இந்தக் கரை நெடுகலும் நான் இறக்கிய கிணறுகளுக்குக் கணக்கில்லை. அதில் ஒரு கிணற்றுக்குப் போய் வந்த கதைதான் இது.

அந்தக் கிணறு, பொத்துவிலுக்கு இந்தப் பக்கம் கடலோரமாக இருக்கும் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. ஊரின் பெயரை நான் எழுதவில்லை. மறந்துபோய் எழுதாமல் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலையில் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து, முதல் நாள் வார்த்த வளையங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இளைய மகளின் புருசன் நஸீர், தான் புதிதாக வாங்கிய பழைய காரோடு வந்து வாசலில் நின்றான். பள்ளிக்கூட வாத்தியார். எதையும் புத்தகத்தில் பார்த்த பிறகுதான் நம்புவான்.

"மாமா, லீவுதானே. சும்மா ஒரு சுத்துப் போயிட்டு வருவமா? கடல் பாக்க."

"இந்தா கிடக்கு கடல். நாலு எட்டு வெச்சாக் கால் நனையும். இதை விட்டுப்போட்டு எந்தக் கடலைப் பாக்கப் போறாய்?"

"இது மீன் வாடை அடிக்கிற கடல், மாமா. அங்கிட்டு வெள்ளைக்காரனெல்லாம் வந்து பாக்கிறான்."

"வெள்ளைக்காரன்ட ஊரில கடல் இல்லாமலா கப்பல்ல வந்து நம்மளப் புடிச்சவன்?"

குசினிக்குள் இருந்து என் மனைவி பாத்துமுத்து சத்தம் போட்டாள். "போவமே! உங்களக் கலியாணம் முடிச்சு நாப்பது வருசம். நான் இன்னும் அக்கரைப்பத்தத் தாண்டல்ல. கிணறு போடுறதெண்டா மட்டும் ஊர் ஊராப் போறீங்க."

அப்போதுதான் அந்தக் கிணறு என் நினைவுக்கு வந்தது. மூன்று வருடத்துக்கு முன், சூறாவளிக்குப் பிறகு, அந்த ஊர்ப் பள்ளிவாசல் வளவில் நான் இறக்கிய கிணறு. நான் போட்ட கிணறுகளில் அதைவிட நல்ல தண்ணீர் எதிலும் ஊறவில்லை. இளநீர் தோற்றுப்போகும். இதைப் பாத்துமுத்துவுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அவள் ஒரு தடவையும் நம்பியதில்லை. இன்றைக்கு ஒரு வாளி இழுத்துக் கையில் கொடுத்தால் நம்புவாளா இல்லையா என்று பார்ப்போம் என்று புறப்பட்டேன்.

அவள் வாழையிலையில் சோறு சுற்றினாள், சூடை மீன் பொரித்தாள், சட்டித் தயிர் எடுத்துவைத்தாள். தண்ணீர்ப் போத்தலை நிரப்பப் போனபோது நான் தடுத்தேன்.

"தண்ணி எடுக்காத. அங்க என்ட கிணறு இரிக்கி."

"வழியில தாகிச்சா?"

"பொறுத்துக்க. நல்ல தண்ணிக்கு முன்னால கெட்ட தண்ணி குடிச்சா நாக்குக்கு ருசி தெரியாது."

போத்தலை வைத்துவிட்டு வந்தாள். வரும்போது வாய்க்குள் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எழுதமாட்டேன்.

நஸீர் கார் ஓட்டுகிறதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். றோட்டில் மாடு படுத்திருந்தால் ஹோர்ன் அடிப்பான். மாடு எழும்பாது. இறங்கிப்போய் வாத்தியார் மாதிரி அதட்டுவான். மாடு அப்போதும் எழும்பாது. நான் இறங்கி வாலைப் பிடித்து முறுக்குவேன், எழும்பும். மூன்று இடத்தில் இப்படி. அக்கரைப்பற்றில் ஒரு கடையில் இடியப்பம் சாப்பிட்டோம். அது இடியப்பம் இல்லை, தென்னந்தும்புக் கயிறு. சொதியில் தேங்காய்ப்பாலைக் காணோம். "கல்முனைச் சந்தையில இப்படி வித்தா ஓட ஓட விரட்டுவானுகள்" என்றேன். கடைக்காரன் சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி சொதி ஊற்றினான். மானம் இல்லாதவனோடு என்ன கதை?

திருக்கோவிலைத் தாண்டி, வயலும் பற்றையுமாக இருந்த இடத்தில் ரயர் காற்றுப் போனது. பின்னால் வைத்திருந்த சில்லை எடுத்தால் அதிலும் காற்று இல்லை. "போன மாசம் பாத்த நான், இருந்திச்சு மாமா" என்கிறான். போன மாதத்துக் காற்று இந்த மாதம் இருக்கும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தானோ. ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றோம். நெல் மூட்டை ஏற்றிய ட்ராக்டர் ஒன்று வந்தது. ஓட்டிவந்த தமிழ்ப் பொடியன் நல்லவன். தன் பம்மை எடுத்து அவனே காற்று அடித்துத் தந்தான்.

"எங்க ஐயா போறீங்க?" என்று கேட்டான். சொன்னேன்.

"அங்கயா? தண்ணி கொண்டு போறீங்களா?"

"தம்பி, அந்த ஊர்த் தண்ணியே நான் போட்ட தண்ணிதான்" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு பம்மை அழுத்தினான். அந்தப் பார்வையின் அர்த்தம் ஊருக்குள் போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஊர் என்றால் என்ன ஊர்? ஒரு தெரு, இரண்டு கடை, ஒரு பள்ளிவாசல், மற்றதெல்லாம் மணல். நம் சந்தையில் மீன் விற்கும் இடம் இதைவிடப் பெரிது. கார் புகை கக்கிக்கொண்டு ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நின்றது. மூன்று பேருக்கும் நாக்கு வறண்டுபோயிருந்தது. கிணற்றுக்குப் போகும்வரை பொறுக்கச் சொன்னால் பாத்துமுத்து என்னைக் கொன்றுவிடுவாள் போல இருந்தது. மூன்று பிளேன்டீ சொன்னேன்.

ஒரு மிடறு குடித்தேன். உப்பு.

"தேயிலைக்குச் சீனி போடுறல்லயா இந்த ஊரில? உப்பா போடுற?"

கடைக்காரன் வயதான ஆள், தோளில் துவாய். எங்கள் பக்கத்து வழக்கப்படி அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்றான். "சீனிதான் போட்டிரிக்கன் காக்கா. தண்ணிதான் உப்பு. பள்ளிக் கிணத்துத் தண்ணி. ஊருக்கே அதுதான் கெதி. கல்முனையால ஒரு மேசன் வந்து போட்ட கிணறு. அவன்ட கை வெளங்காது காக்கா. முதல் நல்லா ஊறின மாதிரிக் காட்டிப்போட்டுப் போயிட்டான். இப்ப கடலைத் தோண்டி விட்டமாதிரி."

"மேசன்ட பேரென்ன?"

"பேரு ஆருக்குத் தெரியும்? கல்முனையான். உப்பு மேசன் எண்டு சொல்லுவம்."

நஸீர் கோப்பையைப் பார்த்தபடி இருந்தான். பாத்துமுத்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நாற்பது வருடச் சிரிப்பை நான் முந்தானைக்கு மேலாலும் கண்டுபிடிப்பேன்.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். அந்த இடத்தில், ஒரு மிடறு நேரத்துக்கு, எனக்கே என் கையில் சந்தேகம் வந்தது. நாற்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. மணலை ஒவ்வொரு முழத்துக்கும் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் கிணறு இறக்குகிறவன் நான். அந்த நாக்கு ஒரு நாள் பிழைத்துவிட்டதோ? பிழைத்திருந்தால் இந்தக் கரையில் என் மற்றக் கிணறுகளுக்கு என்ன பெயர்? கோப்பையை வைத்துவிட்டு எழும்பினேன்.

பள்ளிவாசல் வளவில் என் கிணறு இருந்தது. அதன் பக்கத்தில் சலவைக்கல் பலகை ஒன்று புதிதாக நட்டிருந்தார்கள். நஸீரை வாசிக்கச் சொன்னேன். இன்ன ஹாஜியார் தம் பெற்றோரின் நினைவாக இக்கிணற்றை அமைத்துக் கொடுத்தார் என்று இருந்தது. ஹாஜியார் செலவு கொடுத்தது உண்மை. அமைத்தது யார்? ஹாஜியாரா வந்து கிணற்றுக்குள் நின்று மணல் அள்ளினார்? சரி, அதை விடுவோம். நான் வந்தது பலகை பார்க்க இல்லை.

நான் இறக்கும் கிணறு எல்லாவற்றிலும் ஓர் அடையாளம் வைப்பேன். ஈரச் சீமெந்தில் எனக்கு எழுத்து அழகாக வராது. ஆகவே கடைசியாக மேலே வரும் வளையத்தில், உட்பக்கம், தொழ முகம் திருப்பும் கிப்லாத் திசையாக, விளிம்புக்கு ஒரு சாண் கீழே, சீமெந்து ஈரமாக இருக்கும்போதே ஒரு சதுர ஐந்து சதக் காசைப் பதித்துவிடுவேன். அதுதான் என் கையெழுத்து. கையை உள்ளே விட்டுத் தடவினேன். காசு இல்லை. வளையத்தை நகத்தால் சுரண்டினேன். மாப்போல உதிர்ந்தது. என் வளையத்தை ஆணி கொண்டு சுரண்டினாலும் உதிராது. குனிந்து உள்ளே பார்த்தேன். மேலிருந்து இரண்டாம் வளையத்தில், கிப்லாப் பக்கம், என் காசு பச்சை பிடித்து மினுங்கிக்கொண்டிருந்தது.

மேலே இருக்கும் வளையம் என்னுடையதில்லை. கை பிழைக்கவில்லை.

பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார், கிழவர், என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் மரைக்கார் வந்தார். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் ஒரு மரைக்கார் இருந்து பள்ளிவாசலை நடத்துவார்கள். இவர் அதில் சத்தம் கூடினவர். கையில் குடை.

"நீங்கதானா அந்த மேசன்? வாங்க வாங்க. மூணு மாசமா உங்களத்தான் தேடுறம், ஏசுறத்துக்கு."

"ஏசுங்க. முதல்ல ஒண்டு சொல்லுங்க. இந்தக் கிணத்தில எத்தின வளையம்?"

"ஆறு."

"நான் இறக்கினது எத்தின?"

மரைக்கார் மோதினாரைப் பார்த்தார். மோதினார் கிணற்றைப் பார்த்தார். "அஞ்சு" என்றார் மோதினார்.

விசயம் வெளியே வந்தது. போன மாரி பொய்த்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் இறங்கியது. அதோடு பள்ளிக்கு மோட்டார் ஒன்றும் வாங்கிப் பூட்டினார்கள். மோட்டார் இழுக்க இழுக்கத் தண்ணீர் போதவில்லை. உடனே இந்த மரைக்கார் ஆட்களை விட்டு உள்ளே தோண்டி, மேலே மணல் மூட்டை ஏற்றி, வளையம் ஐந்தையும் ஓரடுக்குக் கீழே தள்ளி, மேலே எவனோ வார்த்த ஆறாவது வளையத்தை வைத்திருக்கிறார்.

"ஆழம் கூடினாத் தண்ணி கூடும்தானே, மேசன்? இது சின்னப் புள்ளைக்கும் தெரியும்" என்றார்.

"சின்னப் புள்ளைக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அண்டைக்கு நீங்களெல்லாம் இதில நிண்டு 'இன்னொண்டு இறக்கு, இன்னொண்டு இறக்கு' எண்டு கத்தினீங்க. நான் இறக்கல்ல. ஏன் இறக்கல்ல?"

"வளையம் முடிஞ்சிரிக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஆறாவது வளையம் லொறியில கிடந்தது. திருப்பி ஏத்திக்கொண்டு போன நான். மோதினார், சொல்லுங்க."

"ஓம். இரிந்திச்சு. நான் கண்ட" என்றார் மோதினார்.

கடற்கரை மணலில் மழைத்தண்ணீர் மேலே நிற்கும், கடல் தண்ணீர் கீழே நிற்கும். பாலுக்கு மேல் ஆடை நிற்கிற மாதிரி. ஆடைக்குள்ளே நிறுத்திவிட்டால் ஆயுசுக்கும் நல்ல தண்ணீர். ஒரு முழம் பேராசைப்பட்டால் முடிந்தது கதை. இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. நாக்கு சொல்லித் தந்தது. மரைக்காருக்கு இதைச் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"கடல் தண்ணியும் சுத்தமான தண்ணிதான் மேசன். வுழூவுக்கு ஆகும்."

"வுழூவுக்கு ஆகும். தேத்தண்ணிக்கு ஆகுமா? அஸர் வரைக்கும் மோட்டாரப் போடாதீங்க, ஆரும் வாளி இறக்காதீங்க. தண்ணி அடங்கட்டும். வந்து காட்டுறன்."

மாலை அஸர் தொழுகைக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. மதியம் ளுஹரைத் தொழுதுவிட்டு, அந்தப் பேர்போன கடலைப் பார்க்கப் போனோம். தண்ணீர் இல்லாமல் சோறு தின்றோம். பாத்துமுத்து தயிரைக் கரைத்துக் குடித்துவிட்டுச் சொன்னாள், "இளநீர் தோத்துப்போகும் எண்டீங்களே. தோத்துத்தான் போச்சு." இப்படி ஒரு நாளைக்காக நாற்பது வருடம் காத்திருந்தவள் போலச் சொன்னாள்.

கடலில் இரண்டு வெள்ளைக்காரப் பொடியன்கள் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அலையில் ஏறி நின்றார்கள். விழுந்தார்கள். மறுபடியும் போனார்கள். ஒரு மீன்கூடப் பிடிக்காமல் கரைக்கு வந்தார்கள். இதற்காகவா கண்டம் விட்டுக் கண்டம் வருவது? ஒருவன் எங்களுக்குப் பக்கத்தில் இருந்து குரும்பை வெட்டி இளநீர் குடித்தான். நஸீர் அவனோடு இங்கிலீசில் கதைத்துவிட்டு எனக்குச் சொன்னான். "இங்க பத்து நாளா இரிக்கானாம் மாமா. இந்த ஊர்க் கிணத்தில வாய் வெக்கேலாதாம். அதைத் தோண்டினவனுக்குக் கடலுக்கும் கிணத்துக்கும் வித்தியாசம் தெரியாதாம்."

பாருங்கள். உப்பு மேசன் என்ற பெயர் கடல் கடந்து போவதற்குத் தயாராக நிற்கிறது.

அஸர் தொழுகை முடிந்ததும் கிணற்றடிக்குப் போனேன். அரைவாசி ஊர் கூடியிருந்தது. வேறு வேலை என்ன அவர்களுக்கு? தேத்தண்ணிக் கடைக்காரனிடம் ஒரு சோடாப் போத்தலும் இரண்டு கோப்பையும் வாங்கினேன். போத்தலின் அடியில் ஒரு கல்லைக் கட்டி, கழுத்தில் ஒரு கயிறு கட்டி, வாயைத் தக்கையால் அடைத்து, தக்கையில் இன்னொரு கயிறு கட்டினேன். முதலில் ஒரு சிரட்டையை மெதுவாக இறக்கி மேல் தண்ணீரை வழித்தெடுத்தேன். பிறகு போத்தலை அடிவரைக்கும் விட்டு, தக்கைக் கயிற்றைச் சுண்டினேன். அடித் தண்ணீர் மட்டும் போத்தலுக்குள் ஏறியது. மேலே இழுத்து இரண்டையும் இரண்டு கோப்பையில் ஊற்றினேன்.

"மரைக்கார், குடிங்க."

முதல் கோப்பையைக் குடித்தார். முகம் சுளித்தார், ஆனால் விழுங்கினார். "பரவால்ல" என்றார். இரண்டாவதை வாயில் வைத்தார். அப்படியே தன் குடையின் மேல் துப்பினார். சின்னப் பிள்ளைகள் முதல் கிழவன்மார் வரை சிரித்தார்கள். கடைக்காரன்தான் முதலில் சொன்னான், "அப்ப மேசன் போட்ட இடத்தில தண்ணி நல்லம். நாம தோண்டின இடத்திலதான் உப்பு." அந்த ஊரில் மூளை உள்ள ஒரே ஆள் அவன்தான் போலிருக்கிறது.

இனி என்ன செய்வது என்று மரைக்கார் கேட்டார். தோண்டினதை மூடுவது, வேறு என்ன? கடற்கரை மேட்டில் இருந்து உப்புப் படாத வெள்ளை மணல் அள்ளிக் கழுவிக் கொண்டுவரச் சொன்னேன். பெரிய சரளைக் கல்லும் கொண்டுவரச் சொன்னேன். வாலிபர்கள் இறங்க முன்வந்தார்கள். விடவில்லை. இறங்குகிறவன் காலுக்கு அளவு தெரியவேண்டும். சாரத்தை மடித்துக் கட்டினேன்.

பாத்துமுத்து பெண்களுக்கு நடுவில் இருந்து கத்தினாள். "இஞ்சருங்க, அறுவத்திரெண்டு வயசில என்ன விசர் இது? மேல நிண்டு சொன்னாப் போதாதா?"

"மேல நிண்டு சொன்னவங்கதான் இதை இப்படி ஆக்கினவங்க" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்து இறங்கினேன்.

மார்பளவு தண்ணீர். உள்ளே நின்று மேலே பார்த்தால் வட்டமாகக் கொஞ்சம் வானம், அதைச் சுற்றித் தலைகள். என் காசு கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. பெருவிரலால் ஒரு தரம் அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. பிறகு சரளை வந்தது, மணல் வந்தது, வாளி வாளியாக. காலால் மிதித்து மிதித்துச் சமப்படுத்தினேன். என் பழைய அடி எங்கே இருந்தது என்று என் கால் அறியும். அந்த இடம் வந்ததும் "போதும்" என்றேன். மேலே இருந்து மரைக்காரின் சத்தம் கேட்டது, "இன்னும் ரெண்டு வாளி போட்டா நல்லம்தானே?" இந்த மனிதருக்குத் தோண்டும்போதும் போதாது, மூடும்போதும் போதாது.

மேலே வந்து துவட்டிக்கொண்டு சொன்னேன். "மோட்டாரக் கழட்டி வையுங்க. கப்பியும் வாளியும் பூட்டுங்க. வாளி இழுத்தாத் தண்ணி ஊறி வரும். மோட்டார் இழுத்தாக் கீழ கிடக்கிற கடலும் கூட வரும். ஒரு மழை விழட்டும், பிறகு குடிச்சுப் பாருங்க." பிறகு அந்தச் சலவைக்கல் பலகையைக் காட்டினேன். "அதில கீழ இடம் இரிக்கி. என்ட பேரையும் ஒரு வரி போடுங்க."

மரைக்கார் குடையைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "என்ன மேசன், உங்களுக்குப் பேரா வேணும், நன்மையா வேணும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நல்ல கேள்வி என்று நினைத்திருப்பார்கள். நான் சொன்னேன், "நன்மை ஹாஜியாருக்கு. அவர் தர்மம் செய்தவர், அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில. அதில ஒரு துளியும் நான் கேக்கல்ல. நான் கூலி வாங்கி வேலை செய்தவன். வேலைக்குப் பேர் கேக்கிறன். வேலை செய்தவன் பேரக் கேட்டா எந்த நன்மை குறையும்?"

மோதினார், "நியாயம்தான்" என்றார். மரைக்கார், "பாப்பம், இன்ஷா அல்லாஹ்" என்றார். செய்யப்போவதில்லை என்பதற்கு அந்த வார்த்தையை எடுக்கிற ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

திரும்பி வரும் வழியில் நஸீர் நிலத்தடி நீரைப் பற்றி ஏதோ புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது என்றான். "நீங்க சொன்னது சரி மாமா" என்றான். புத்தகம் என்னோடு ஒத்துப்போவதில் எனக்குச் சந்தோசம். பாத்துமுத்து காருக்குள் நித்திரை. வீட்டுக்கு வந்ததும் எங்கள் கிணற்றில் ஒரு செம்பு இழுத்து முழுவதையும் குடித்தாள். எனக்கும் ஒரு செம்பு இழுத்துத் தந்தாள். கேட்காமல் தந்தாள் என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

மாரி விழுந்து இரண்டு மாதம் கழித்து, சந்தை நாளில், அந்த மோதினார் என் வளவுக்கு வந்தார். கையில் அதே சோடாப் போத்தல், தக்கை அடைத்தது. "குடிச்சுப் பாருங்க மேசன் காக்கா" என்றார். நான் குடிக்கவில்லை. பாத்துமுத்துவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவள் ஒரு மிடறு குடித்தாள். நின்றாள். பிறகு போத்தலைக் கவிழ்த்து மிச்சத்தையும் குடித்துவிட்டு உள்ளே போனாள். எனக்கு ஒரு சொட்டும் வைக்கவில்லை. இதைவிடச் சாட்சி வேறு வேண்டுமா?

"ஊரே குடிக்குது, காக்கா. பொத்துவிலால வந்தும் அள்ளிட்டுப் போறாங்க" என்றார் மோதினார்.

"பலகையில பேர் போட்டாச்சா?"

மோதினார் தரையைப் பார்த்தார். "போட்டிரிக்காங்க. 'உவர் நீக்கித் திருத்தி அமைத்தவர்' எண்டு கீழ ஒரு வரி. மரைக்கார்ர பேர்."

நான் அவரைத் திட்டவில்லை. அவர் என்ன செய்வார் பாவம். சோறு கொடுத்து அனுப்பினேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழையை மட்டும் நஸீர் திருத்தினான். கருத்தில் கைவைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஊர்க்காரர்களே, இதை வாசிக்கிற உங்கள் ஆட்கள் யாராவது மரைக்காருக்கும் வாசித்துக் காட்டுங்கள். கிணறு உப்பாக இருந்த மூன்று மாதமும் என்னை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பலகை தேவைப்படவில்லை. தேத்தண்ணிக் கடையில் சொன்னீர்கள், ட்ராக்டர்காரனுக்குச் சொன்னீர்கள், வெள்ளைக்காரன் வரைக்கும் சொன்னீர்கள். தண்ணீர் இனித்த அன்றைக்கு மட்டும் மேசனை யாருக்கும் தெரியாமல் போய்விட்டதா? உப்பு என்னுடையது, இனிப்பு உங்களுடையதா?

ஹாஜியாரின் பெயரைத் தொடவேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். மரைக்காரின் வரியைச் சுரண்டி எடுங்கள். அந்த இடத்தில் இதை வெட்டுங்கள்: ஐந்து வளையத்தோடு நிறுத்தியவன், கல்முனைக்குடி ஆதம்பாவா மேசன். தோண்டியவன் என்றுகூடப் போடவேண்டாம், தோண்ட எல்லோராலும் முடியும். நிறுத்தியவன் என்று போடுங்கள்.

அன்றைக்கு நான் லொறியில் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்த ஆறாவது வளையம் இன்றும் என் வளவில் கிடக்கிறது. எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்கவில்லை. அதன் மேல் இருந்துதான் இதை எழுதுகிறேன். சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம், ஆணி கொண்டு சுரண்டியும் பார்க்கலாம். என் பெயர் அந்தப் பலகையில் ஏறும் நாளில், இந்தக் கட்டுரையில் உங்கள் ஊரின் பெயரை என் கையாலேயே எழுதுவேன். அதுவரைக்கும் நீங்கள், பொத்துவிலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன ஊர்.